அன்னக்கூடையில் வருகிற சட்டம்



எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்கா கடலூர் முதுநகர்ப் பக்கத்துக்காரர். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையோடு கிளம்பினால் விருத்தாசலம் வந்து சேர எட்டு, எட்டரை ஆகிவிடும். ஏப்ரல் பாதிக்கு மேல் அவர் குரல் தெருவில் அபூர்வமாகிவிட்டது. வந்த இரண்டொரு நாளிலும் கூடையின் அடியில் கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் மத்தி, அவ்வளவுதான். விலையைக் கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். "தடைக்காலம் தம்பி. போட்டெல்லாம் கட்டிக் கெடக்கு. பைபர்ல போறவங்க கொண்டாந்தாத்தான் எனக்கு யாவாரம்" என்றார். பக்கத்து வீட்டம்மா சும்மா விடவில்லை. "மீன் புடிக்கக் கூடாதுன்னு அங்க ஒக்காந்து சட்டம் போட்டுட்டா, நாம என்னத்தத் திங்கறது?"

அந்தக் கேள்விதான் இந்த மாதம் முழுவதும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கும் நமக்கும் நடுவே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பீங்கானுக்கும் பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பேர்போன ஊர் நம்முடையது. மீன் சட்டம் நம் காரியமில்லை என்று இருந்துவிடலாம். ஆனால் சட்டப்பேரவையில் இருக்கிற 234 பேரில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கடல் இல்லாத தொகுதிகளிலிருந்துதான் போகிறார்கள். மீன்வளத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது கை தூக்குகிறவர்களும் அவர்கள்தான். கடலில் யார், எங்கே, எந்த வலையைப் போடலாம் என்று தீர்மானிப்பதில் விருத்தாசலத்துக்கும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை எதைப் பற்றித் தூக்கப்படுகிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

தடைக்காலத்தை முதலில் பார்ப்போம். 2001-ல் தொடங்கியபோது அது 45 நாள். 2017-லிருந்து 61 நாள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. பல வகை மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பெருகும் காலம் என்பதால் விசைப்படகுகளும் இழுவைப்படகுகளும் கரையில் நிற்க வேண்டும். கட்டுமரத்துக்கும் சிறிய பைபர் படகுக்கும் தடை இல்லை. அக்காவின் கூடை முற்றிலும் காலியாகாமல் இருந்தது அவற்றில் போகிறவர்களால்தான்.

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். சூளையில் தீ அணைந்ததும் யாரும் கதவைத் திறப்பதில்லை. பொறுக்க முடியாமல் திறந்தால் குளிர்காற்று பட்ட இடத்தில் விரிசல் விழுந்து, முழுச் சூளைச் சரக்கும் வீணாகிவிடும். உள்ளே இருப்பது ஆறும்வரை காத்திருப்பதும் தொழிலில் ஒரு பாதி என்று செராமிக் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கடலும் அந்த 61 நாளில் கதவு சாத்திய சூளை.

ஆனால் காத்திருக்கிறவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். உயர்த்தியது நல்ல காரியம். அதை 61 நாளால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு 131 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு. கடலை ஆறவிடுவது நாம் எல்லோரும் சாப்பிடும் மீனுக்காக என்றால், அந்தச் செலவில் பெரும் பங்கைப் படகில் கூலிக்குப் போகிறவர் தலையில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்தச் சட்டங்களின் தாய்ச் சட்டம் 1983-ல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அது சும்மா பிறந்துவிடவில்லை. 1952-ல் கொல்லத்தில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய திட்டமும், அதன் பின்னால் வந்த இறால் ஏற்றுமதியும் இழுவைப்படகுகளைப் பெருக்கின. அவை கரையை ஒட்டி வந்து கட்டுமரக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. 1970-களில் கடலிலும் கரையிலும் அடிதடி, உயிரிழப்பு. 1976-ல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்தது, மாநிலங்களுக்கு ஒரு மாதிரி மசோதா போனது, கேரளமும் கோவாவும் 1980-ல் சட்டம் செய்தன, பிறகு நாம். இயந்திரப் படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டருக்குள், மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் விதிகள் கோடு கிழித்தன. எளிய மனிதனுக்காகக் கடலில் போட்ட வேலி அது. அந்த வேலியை நான் மனதார மதிக்கிறேன்.

வேலி போட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. நம் மாவட்டத்தின் கரையிலேயே இருக்கிறது சான்று. சுருக்குமடி வலையைப் பார்த்திருப்பீர்களா? மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து வலையை இறக்கி, அடிக்கயிற்றை இழுத்துச் சுருக்கினால் பை போல மூடிக்கொள்ளும். கூட்டம் மொத்தமும் உள்ளே. தமிழக அரசு 2000 மார்ச்சில் அதைத் தடை செய்தது. ஆனால் சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கடலூர், நாகைக் கரைகளில் அது பரவியது. ஒரு வலையை நம்பி முப்பது நாற்பது பேர் கடலுக்குப் போவார்கள். வலைக்கும் படகுக்கும் போட்ட பணம் பெரும்பாலும் கடன். தேவனாம்பட்டினம் போன்ற ஊர்கள் அனுமதி வேண்டும் என்கின்றன. எங்கள் வலைக்கு மீனே மிஞ்சுவதில்லை என்கின்றன சிறுதொழில் செய்யும் ஊர்கள். ஒரே சாமியைக் கும்பிட்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுத்து எடுத்த குப்பங்கள், 2018-ல் ஓர் உயிர் போகும் அளவுக்கு மோதிக்கொண்டன.

2022 பிப்ரவரியில் அரசு தடையை மீண்டும் உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2023 ஜனவரி 24 அன்று வந்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, பதிவு செய்த படகுகள் சுருக்குமடி பயன்படுத்தலாம் என்றது. அது ஏன் 12? மாநிலச் சட்டத்தின் கை எட்டுவது அதுவரைதான். அரசியல் சாசனத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியல். 12 கடல் மைலைத் தாண்டினால் ஒன்றிய அரசின் பட்டியல். தண்ணீருக்கும் மீனுக்கும் அந்தக் கோடு தெரியாது. மத்திக் கூட்டம் காலையில் ஒரு சட்டத்துக்குள்ளும் மாலையில் இன்னொரு சட்டத்துக்குள்ளும் நீந்துகிறது.

இதில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கரையை ஒட்டிய கடல் சின்ன வலைக்காரருக்கே சேர வேண்டும். தடை சரி. ஆனால் தடை இருக்கும்போதே கண்ணெதிரே அத்தனை வலைகள் கட்டப்பட்டதை இருபது ஆண்டு பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கு அந்தக் கடனில் பங்கு உண்டு. வட்டி கட்டுகிற மனிதனிடம் சட்டப் புத்தகத்தை மட்டும் நீட்டுவது போதாது. மாற்றுத் தொழிலுக்கான உதவியும் அவருக்குக் கைக்கெட்டுகிற அளவில் இருக்க வேண்டும். பாக் நீரிணையின் இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-ல் வந்த திட்டத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மானியம் பெரிய பங்கு என்றாலும், மிச்சக் கடனையும் பழக்கமில்லாத கடலையும் எண்ணித் தயங்கியவர்கள் மிகுதி. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாக் நீரிணையின் அந்தப் பக்கமும் பாருங்கள். 2017 ஜூலை 6 அன்று இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடை செய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் எம்.ஏ. சுமந்திரன். போருக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய வடபகுதிச் சிறுமீனவரின் வலையைக் காக்க, தமிழர் ஒருவர் கொண்டுவந்த சட்டம். அந்த வலைகளை அறுக்கும் படகுகளில் நம் கரையிலிருந்து போகிறவையும் உண்டு. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆனாலும் இரு கரையிலும் வாசகர்களை வைத்திருக்கும் பத்திரிகை இதை மறைத்து எழுதக் கூடாது.

சிறைப்பட்ட நம் மீனவர் வீட்டுக் கண்ணீர் பொய்யில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் கிழிந்த வலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கண்ணீரும் பொய்யில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பிழைப்புக்காகப் பிடிக்கும் மீன். ஆசைக்காகப் பிடிப்பதும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 1994 நவம்பரில் மக்களே வாக்களித்து, மாநிலக் கடலில் செவுள் வலைகளைத் தடை செய்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆதரவு. முன்னின்று இயக்கியவர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் கூட்டத்தார். பரம்பரை பரம்பரையாக வலை வீசிய குடும்பங்கள் தோற்றன. அவர்களது வலைகளை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. மீன் காப்பாற்றப்பட்டது என்பவர்களும், கரையோர ஊர்களின் உயிர் போயிற்று என்பவர்களும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். வாக்குப் பலம் உள்ளவர் கையில் மட்டும் சட்டம் போனால் கரையில் உள்ளவர் கதி என்ன என்பதற்காக அதை இங்கே சொன்னேன்.

நம் பக்கம் ஆசை மீன்பிடிப்பு வேறு மாதிரி. மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடும் நாளில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்து உட்கார்ந்த பையன்களில் நானும் ஒருவன். கெண்டையும் கெளுத்தியும்தான் மாட்டும். என்றைக்காவது ஒரு விரால் மாட்டினால் தெருவே வந்து பார்க்கும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. கரை முழுக்க ஊத்தாவும் கச்சாவும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால்கூடத் தண்ணீரில் படாது. எழுதாத சட்டம், காவலுக்கு ஆளில்லாத சட்டம். எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கால்கள் கரையில் நிற்கின்றன.

எழுதிய சட்டமும் உள்நாட்டு நீருக்கு இருக்கிறது. நீர்நிலைகளில் வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. ஏரிக்கரைகளில் அதை அறிந்தவர் எத்தனை பேர்? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கும் 2000-லிருந்து தடை உண்டு. இருந்தும் வெள்ளத்தில் தப்பிய அந்த மீன், நம் நாட்டுக் கெளுத்தியையும் அயிரையையும் விழுங்கிக்கொண்டு குளங்களில் திரிகிறது.

கேரளத்திடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். 2015-ல் 14 வகை மீன்களுக்கு, பிறகு 58 வகைக்கு, பிடிக்கத் தகுந்த குறைந்தபட்ச அளவை அங்கே நிர்ணயித்தார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தது குஞ்சு. இழுவைமடியில் சிக்கும் குஞ்சும் குறுமீனும் ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்ற பெயரில் கூடை கூடையாகக் கரையேறி, காய்ந்து, மாவாகிக் கோழித் தீவனத்துக்குப் போகின்றன. நாளை வஞ்சிரமாகவும் சங்கராவாகவும் கூடையில் வரவேண்டியது, இன்று முட்டைக்குள் போய்விடுகிறது. அளவுகோல் வைத்துக்கொண்டு மீன் வாங்கச் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலைவிடச் சின்னதாக மத்தி வந்தால், "இது எதுக்கு அக்கா, குஞ்சாச்சே" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த வார்த்தை கூடையிலிருந்து ஏலக் கூடத்துக்கும் அங்கிருந்து படகுக்கும் போகும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜூன் 15 கடந்திருக்கும். டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, படகுகள் போயிருக்கும். அக்கா திரும்பவும் தினமும் வருவார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்மாபுரம், மங்கலம்பேட்டை, பெண்ணாடம், திட்டக்குடி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், உங்கள் ஏரியின் மீன்பாசி ஏலத்தை யார் எடுத்தார்கள், தூண்டில் போடும் பையனுக்குக் கரையில் இடம் உண்டா, முன்பு கிடைத்து இப்போது காணாமல் போன மீன் எது என்று ஒரு கடிதம் எழுதுங்கள். 1923-ல் கட்டி முடித்த வெலிங்டன் ஏரியில் மீன் வாங்கிய நினைவுள்ள பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பினாலும் சரி. வருகிற கடிதங்களையெல்லாம் தொகுத்து, அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்பு நம் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். "காலையில யாவாரம் முடிச்சுட்டு வந்துடறேன் தம்பி, பதினோரு மணிக்கு மேல வச்சுக்க" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்