கசவுப் புடவையும் கடைக்கார வைஃபையும்

போன லீவில் கொல்லயில் போயிருந்தோம். பக்கத்து டவுன் ஜவுளிக்கடையில் தங்கமணி கசவுப் புடவை எடுக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ காலில் கரையைக் காட்டாமல் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. நான் ரோமிங் டேட்டா போடவில்லை (கஞ்சத்தனம்தான்!). கடை வைஃபையைக் கேட்டேன். "அது ஸ்டாஃபுக்கு மட்டும் சாரே" என்றார் கல்லாவில் இருந்தவர். நாலு புடவைக்கு வந்தவர்கள் ஒன்றோடு படி இறங்கினோம்.

2016-ல் ஜியோ வந்தபிறகு எல்லார் கையிலும்தான் டேட்டா இருக்கே, கடைக்காரர் எதுக்குத் தரணும்னு கேட்பீங்க. உள்ளூர்க்காரருக்குச் சரி. கல்யாணத்துக்கு மொத்தமாகத் துணி எடுக்கிற லீவு ஆட்கள் நாமதானே? 2023 ஜனவரியிலேயே சிங்கப்பூர், யுஏஇ உட்பட 10 நாட்டு நம்பர்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு யுபிஐயில் சேர்க்க என்பிசிஐ வழி திறந்துவிட்டது. நெட் மட்டும் கிடைத்தால் அங்கேயே ஸ்கேன் பண்ணிக் கட்டிவிடுவோம். இல்லாட்டி பர்ஸில் இருக்கிற ரூபாய்க்குத்தான் வியாபாரம்.

2020 டிசம்பரில் ஒப்புதலான பிஎம்-வாணி திட்டத்தில் டீக்கடைகூட உரிமம், பதிவுக் கட்டணம் இல்லாமல் வைஃபை விற்கலாம். நான் விற்கச் சொல்லலை. ஜவுளிக்கடையில் காப்பி, கலர் கொடுத்து உட்கார வைப்பாங்களே, அந்தக் கணக்கில் சேருங்க. பில் போடுற கம்ப்யூட்டர் இருக்கிற லைனைத் தர பயமா? நியாயம்தான். பெரும்பாலான ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகவே இருக்கு. அதைப் போட்டு, பாஸ்வேர்டை பில்லில் அச்சடிச்சா போதும்.

அடுத்த லீவு டிசம்பரில். மூணு புடவை இன்னும் பாக்கி :-)