பழைய டைல்ஸுக்கு மேல் புதிய டைல்ஸ்: உடைப்பதா, விடுவதா?

"பழைய டைல்ஸை உடைக்காமல் அதற்கு மேலேயே புதியதைப் பதிக்கலாமா நானா?" கொழும்பு பழைய சோனகத் தெரு முதல் ஊர்ச் சந்தி வரை, ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. சிலர் "தாராளமாகப் பதிக்கலாம்" என்று சொல்லிப் பில்லை எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் "உடைக்காமல் செய்தால் ஒரு வருடம்கூட நிற்காது" என்று பயமுறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே அவசரப் பதில்கள் என்பதே எனது கருத்தாகும்.

இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில் அதிகரித்ததற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது டைல்ஸுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பொருளும் கூலியும் லொறி வாடகையும் இப்படி ஏறிய பிறகு, உடைக்கும் செலவையாவது மிச்சம் பிடிக்கலாமே என்று மக்கள் நினைப்பதில் பிழையில்லை. மறுபுறம், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் கட்டியெழுப்பப்பட்ட வீடுகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்தத் தரைகளை மாற்றும் காலமும் வந்துவிட்டது.

உடைப்பதென்றால் என்ன என்பதை முதலில் கணக்குப் பார்ப்போம். 500 சதுர அடித் தரையில் டைல்ஸுக்குக் கீழே இரண்டு அங்குலச் சாந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உடைத்துக் குவித்தால் ஒரு கியூபுக்கு மேல் கழிவு சேரும். அதை அள்ளக் கூலி, ஏற்ற லொறி, கொட்ட இடம் எல்லாம் தேட வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் வீதியோரத்திலும் வயல் ஓரத்திலும் கொட்டிவிட்டுப் போவதை எல்லா ஊரிலும் காண்கிறோம். உடைக்கும்போது தரைக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் வயர்க் குழாயும் அடிபடுவதுண்டு. பிறகு புதிய சாந்து போட்டு அது காயும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தத் தூசியில் அவர்கள் படும் பாடு தனி.

ஆகவே மேலே பதிப்பதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. கீழே உள்ள தரை நல்லதாக இருந்து, முறைப்படி செய்தால் அது நன்றாகவே நிற்கும். புதிய டைல்ஸின் ஆயுள் பழைய டைல்ஸின் பிடியில்தான் தங்கியிருக்கிறது. எனவே விலையைக் கேட்பதற்கு முன்னர் தரையைக் கேட்க வேண்டும்.

தரையைக் கேட்பது கடினமான வேலையல்ல. சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். இறுகிப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். பிடி விட்டிருந்தால் வெற்றுச் சத்தம் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் கழற்றிச் சாந்தால் நிரப்பிவிட்டு மேலே போகலாம். பத்துக்கு ஒன்றுக்கு மேல் வெற்றுச் சத்தம் கேட்டால் நான் உடைக்கத்தான் சொல்வேன். அடுத்து எட்டு அடி மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால், அல்லது ஒரே கோட்டில் பல டைல்ஸ் வெடித்திருந்தால், கோளாறு டைல்ஸில் இல்லை; அதற்குக் கீழே இருக்கிறது. நிரப்பிய காணிகளில் மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் போட்ட தரைகளில் இது அதிகம். அதன் மேல் எவ்வளவு விலையான டைல்ஸைப் பதித்தாலும் அதே கோட்டில் மீண்டும் வெடிக்கும்.

குளியலறை விடயத்தில் இன்னும் கவனம் தேவை. எனக்குத் தெரிந்த ஒருவருடைய வீட்டில் மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் கீழறையின் சீலிங்கில் கசிந்தது. மகளின் கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மேலே புதிய டைல்ஸ் பதித்தால் கசிவு நிற்கும் என்று பாஸ் சொல்லியிருந்தார். "நிற்காது ஹாஜியார், உடைத்து வோட்டர் புரூபிங் செய்யுங்கள்" என்றேன். அவருக்கு அவகாசம் இல்லை. வேறிடத்தில் வாங்கிப் பதித்துவிட்டார். கலியாணம் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதத்தில் அதே சீலிங்கில் அதே கறை வந்தது. பிறகு இரண்டு அடுக்கு டைல்ஸையும் சேர்த்து உடைக்க வேண்டியதாயிற்று. டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரை முழுதாகத் தடுப்பவையல்ல. தடுப்பது அவற்றுக்குக் கீழே இருக்கும் பூச்சு. அது போய்விட்டால் மேலே என்ன போட்டாலும் பயனில்லை.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் டைல்ஸும் 4 மில்லிமீற்றர் பசையும் சேர்ந்தால் ஏறத்தாழ அரை அங்குலம். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் கதவுகளை எல்லாம் கழற்றி அடியில் சீவ வேண்டும். குளியலறைத் தரை அறையை விட இறங்கியிருப்பது தண்ணீர் வெளியே வராமலிருக்கத்தான். அந்த இறக்கத்தில் அரை அங்குலம் போய்விடும். தண்ணீர் வடியும் வாயையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். மாடிப்படி உள்ள வீட்டில் கீழ்த்தரையை மட்டும் உயர்த்தினால் முதற்படி மற்றப் படிகளை விடக் குட்டையாகிவிடும். இரவில் இறங்குபவரின் கால் அங்கேதான் தடுக்கும்.

பாரமும் உண்டு. நூறு சதுர அடிக்கு டைல்ஸும் பசையும் சுமார் 200 கிலோ, அதாவது நாலு சீமெந்து மூடை. மண்ணில் நிற்கும் கீழ்த்தரைக்கு இது பிரச்சினையில்லை. ஒழுங்காகப் போட்ட கொங்கிரீட் ஸ்லாப்பும் வழமையாகத் தாங்கும். பல்கனி போல வெளியே நீட்டிய ஸ்லாப், வெடிப்பு விழுந்த பழைய ஸ்லாப் என்றால் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்காமல் பாரம் ஏற்றக்கூடாது.

இனி ஒட்டும் பொருளுக்கு வருவோம். மேலே பதித்து விட்டுப்போன அதிகமான வேலைகளுக்குக் காரணம் வெறும் சீமெந்துக் கூழ்தான். சீமெந்துக்குப் பிடிக்கக் கரடான, தண்ணீர் உறிஞ்சும் தளம் வேண்டும். பளிங்கு போலிருக்கும் டைல்ஸின் மேல் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. போர்சலின் டைல்ஸ் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. அப்படியானதைப் பளபளப்பான இன்னொன்றின் மேல் ஒட்ட அதற்கென்றே செய்த டைல்ஸ் மோட்டார் தேவை. பையைத் திருப்பிப் பாருங்கள். ஈ.என். 12004 என்ற ஐரோப்பியத் தரத்தில் சாதாரணமானது சி1, பிடி கூடியது சி2. இந்த வேலைக்கு சி2 தான் வேண்டும். பதிக்கும் முன் பழைய டைல்ஸின் எண்ணெய், மெழுகு, சவர்க்காரப் படிவை நன்றாகக் கழுவ வேண்டும். கிரைண்டரால் மேற்பளபளப்பைக் கரடாக்கினால் நல்லது. தூசிக்கு வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பசையைப் பல் வெட்டிய கரண்டியால் தரை முழுக்கப் பரத்த வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கும் பழக்கம் இதற்கு உதவாது. சுவரோரத்தில் சிறிய இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் வெயில் காலத்தில் டைல்ஸ் பொங்கி எழும்பும்.

கடை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மூடி, திங்கட்கிழமை திறக்கும் எண்ணத்தில் கடைத்தரைக்கு மேலே பதிக்கிறார்கள். மேலும் கீழும் உறிஞ்சாத டைல்ஸ் இருக்கையில் நடுவில் உள்ள பசையின் ஈரம் போக வழி குறைவு. ஆகவே அது இறுக வழமையை விட அதிக நாள் எடுக்கும். அதற்குள் மூடைகளையும் கண்ணாடி அலுமாரிகளையும் ஏற்றி வைத்தால் பிடி விட்டுவிடும். அவசரமென்றால் விரைவில் இறுகும் வகையைக் கூடுதல் விலைக்கு வாங்குங்கள், அல்லது கடையைப் பாதி பாதியாகச் செய்யுங்கள். வாடகைக் கடையாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் எடுங்கள். நீங்கள் வெளியேறும் நாளில் இரண்டு அடுக்கை உடைக்கும் செலவு யாருடையது என்ற சண்டை வரக்கூடாது.

இவ்வளவையும் சொல்வதன் காரணம் இதுதான். வேலை பிழைத்தால் பாஸ் பொருளைக் குற்றம் சொல்வார். கடைக்காரர் பாஸைக் குற்றம் சொல்வார். வீட்டுக்காரரின் காசு இருவருக்கும் நடுவில் கரைந்துவிடும். பெருநாளும் கலியாணமும் நெருங்கும் நேரத்தில் இந்த அவசரம் இன்னும் கூடும். பதறாத காரியம் சிதறாது என்பதை வாங்குபவர் மறந்திருக்கும் நேரத்தில் விற்பவராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எனவே ஹார்ட்வெயார் வியாபாரத்தில் உள்ள சகோதரர்களிடம் எனது வேண்டுகோள் இது. டைல்ஸ் வாங்க வருபவரிடம் எத்தனை சதுர அடி என்று கேட்கும்போதே எதன் மேல் பதிக்கப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். தட்டிப் பார்த்தீர்களா, கசிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய டைல்ஸின் மேல் என்றால் அதைப் பில்லிலேயே எழுதி, எந்தப் பசை கொடுத்தீர்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். உடைக்க வேண்டிய தரை என்று தெரிந்தால், அன்றைய வியாபாரம் கைவிட்டுப் போனாலும் அதைச் சொல்லிவிடுங்கள். டைல்ஸில் கிடைக்கும் இலாபம் ஒரு தடவைதான். வீடு கட்டுபவரோ கூரைக்கும் குழாய்க்கும் பெயின்டுக்கும் இருபது வருடம் கடைக்கு வந்துகொண்டே இருப்பவர்.