மாமியின் பேணியில் இருந்த ஒரு சதம்



ஊர்காவற்றுறையில் எங்கள் சுயதொழில் குழுவில் உள்ள ஓர் அக்கா, போன மாரிக்கு முன்னர் ஒரு பழைய மாப்பேணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே பழைய காசுகள். 1990இல் தீவை விட்டு ஓடியபோது அவருடைய மாமி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனவை. வீடு போனது, நகை போனது, மாமியும் போய்விட்டார். பேணி மட்டும் அக்காவோடு ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

"பிள்ளை, ஒரு ஆள் பேணியோட எல்லாத்தையும் ஐயாயிரத்துக்குக் கேக்கிறார். குடுக்கட்டோ?" என்றார். கடைசி மகளின் ரியூசன் காசு மூன்று மாதமாகக் கட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அக்காவின் மனம் முழுவதும் ஒரேயொரு செப்புச் சதத்தில் இருந்தது. 1942ஆம் ஆண்டுக் காசு. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் பனை போன்ற ஒரு மரம். மன்னரின் முகத்துக்கு முன்னால் நிழல் போல ஒரு மெல்லிய கோடு. காசு கேட்ட ஆள் அதை அழுக்கு என்றாராம். அயல்வீட்டுப் பெடியனோ, "அன்ரி, இது பிழையாய் அடிச்ச காசு, லட்சக்கணக்கில போகும்" என்று சொல்லியிருக்கிறான். யாரை நம்புவது?

நான் படித்தது சமூகவியல். காசைப் பற்றி எனக்கும் தெரியாது. ஆனால் வாங்க வந்தவரிடமே விலை கேட்கக்கூடாது என்பது தெரியும். யாழ்ப்பாணத்தில் பல வருடமாகப் பழைய காசு சேர்த்துப் படித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் காசு வாங்குபவரல்ல.

அவர் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இது எங்கயிருந்து வந்தது? ஆர் வைச்சிருந்தவை?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நாணயம் அடிக்கும் இயந்திரத்தில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் உலோகத் தகடு வந்து விழ, இரண்டு பக்கமும் பதியும். சிலவேளை தகடு விழாமல் தவறினால் அச்சோடு அச்சு மோதிவிடும். மோதக அச்சை மா வைக்காமல் மூடி அழுத்தியது போல. அப்போது ஓர் அச்சின் உருவம் மற்ற அச்சில் மெல்லப் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சால் அடிக்கும் காசுகளில் மறுபக்கத்து உருவம் நிழலாகத் தெரியும். இதற்கு அச்சு மோதல் என்று பெயர்.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. காசின் இரு பக்கத்தையும் ஒரே அளவில் படம் எடுத்து, மரம் உள்ள பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டார். அதைத் தலை உள்ள படத்தின் மேல் வைத்தபோது, அந்தக் கோடு மரத்தின் அடியோடு சரியாகப் பொருந்தியது. பொருந்தாவிட்டால் அது வெறும் கீறல். இரண்டு காசுகளைச் சேர்த்து நசித்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களாம். அப்படிச் செய்தால் ஒரு காசின் எழுத்துகள் மற்றதில் குழியாக, மறுபுறம் திரும்பிப் பதிந்திருக்கும்.

முடிவை எழுதித் தந்தார்: அச்சு மோதல் உண்மை. ஆனால் காசு தேய்ந்தது. இப்படி மெல்லிய மோதல்கள் அரிதல்ல. சேர்ப்பவர் யாராவது சிறிது கூடக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அக்காவின் முகம் வாடிப்போனது. அப்போது ஆசிரியர் பேணியைக் கவிழ்த்து, ஐம்பது சதக் குற்றிகள் பதினான்கைப் பிரித்து வைத்தார். இலங்கையில் 1942 வரை அடித்த ஐம்பது சதங்களில் வெள்ளி கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் இல்லை. நிறுத்துக் கணக்குப் பார்த்தால், வெள்ளியின் பெறுமதியே ஐயாயிரத்தைத் தாண்டியது. எல்லோரும் ஒரு சதத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, பேணியோடு கேட்டவரின் கண் எங்கே இருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

காசு யாருடையது, எப்படிப்பட்டது என்று தீர்மானிப்பதில் படித்தவர்களும் பிழை விட்டிருக்கிறார்கள். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று எழுதியவர்கள் உண்டு. அவை எங்கள் யாழ்ப்பாண அரசர் வெளியிட்டவை என்று பிறகு ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் முக்கியமானவர்கள். ஆகவே சொல்பவர் பெரியவரா என்பதைவிட, எதைக் கொண்டு சொல்கிறார் என்று கேட்பதே முக்கியம்.

உங்களிடமும் இப்படி ஒரு பேணி இருக்கலாம். புளி போட்டு விளக்காதீர்கள். விளக்கிய காசின் பெறுமதி குறைந்துவிடும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுத்து, எங்கிருந்து வந்தது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். யாரிடமாவது பார்க்கக் கொடுத்தால் எத்தனை காசு, என்ன காசு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ ஒல்லாந்தர் காலத்துக் காசு போன்ற பழம்பொருள் கிடைத்தால் விற்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. தனியே போகப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.

அக்கா ஐம்பது சதங்களில் எட்டை ஒரு நகைக்கடையில் நிறுத்து, ரசீதோடு விற்றார். ரியூசன் காசு கட்டியாயிற்று. அந்த ஒரு சதத்தை அவர் விற்கவில்லை. ஆசிரியர் எழுதித் தந்த துண்டில் சுற்றிப் பேணிக்குள் வைத்திருக்கிறார்.

"பெறுமதி இல்லையெண்டாலும் இப்ப அது என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார்.

எங்களைப் பற்றிய எத்தனையோ விடயங்களை யார் யாரோ பார்த்து, யார் யாரோ எழுதி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கொண்டு போய்விட்டார்கள். ஒரு சதத்தைப் பற்றியாவது கேட்டு, விளங்கி, எழுத்தில் பதில் வாங்கிய அக்காவின் சந்தோசம் எனக்கு விளங்குகிறது. உங்களுக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.