ஓருயிர்க்குப் பல்லுயிரா?

ஆபத்தில் சிக்கிய சிலரை மீட்பதற்காகப் பலருடைய உயிரைப் பணயம் வைக்கலாமா என்னும் வினா, அண்மையில் நம் தமிழ் மன்றத்தில் மாணவர் சொற்போர்க்குப் பொருளாக அமைந்தது. வைக்கலாம் என்றோர் அருளின் பக்கமும், கூடாது என்றோர் அறிவின் பக்கமும் நின்று வழக்காடினர். கைதட்டல் அருளின் பக்கமே மிகுந்தது, அஃது இயல்பே. ஆயினும் இருசாராரும் ஒன்றைக் கேளாமலே விட்டனர். பணயமாக வைக்கப்படுவது யாருடைய உயிர்? அதனை வைப்பவர் யார்? இவ்விருவரும் ஒருவர்தாமா, வேறு வேறானவரா? இதற்கு விடை காணாமல் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பதிற் பயனில்லை என்பது என் கருத்து.

நம் புலவர்கள் போற்றிய செம்பியனை நோக்குவோம். புறாவின் துயர் தீர்க்கத் துலாக்கோலில் ஏறிய அம்மன்னனின் கதையைப் புறநானூறும் சிலப்பதிகாரமும் நினைவுகூர்கின்றன. ஒரு பறவைக்கு ஒரு பேரரசன் ஈடா என்று கணக்குப் பார்த்தால் அது முதலுக்கே மோசமான வாணிகம். எனினும் வழிவழியாக அதனை நாம் அறம் என்றே கொண்டாடுகிறோம். அவன் அரிந்து வைத்தது தன் தசையை என்பதே காரணம். அரண்மனைக் காவலன் ஒருவனை அழைத்து, அவன் தொடையை அரிந்து வைக்குமாறு ஆணையிட்டிருந்தால் எந்தப் புலவன் அக்கதையைப் பாடியிருப்பான்?

இது பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு நம் காலத்துச் செய்தியொன்று உண்டு. 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சு வட்டாரத்தில், மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. ஆறு தொழிலாளர் மாண்டனர். 65 பேர் நிலத்தடியிற் சிக்கினர். மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் மட்டுமே நிற்கத்தக்க இரும்புக் கூண்டினை இறக்கி அவர்களைத் தூக்குவதென முடிவாயிற்று. அக்கூண்டில் முதலிற் கீழே இறங்கியவர், அம்முறையை வகுத்த பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். 65 பேரையும் ஒருவர்பின் ஒருவராக ஏற்றியனுப்பிவிட்டு இறுதியில் தாம் மேலேறினார். செம்பியன் கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் இவரையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும் என்பேன்.

இனி, எண்ணிக்கை வாதத்திற்கு வருவோம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் கால்பந்துக் குழுச் சிறுவர் 12 பேரும் அவர்தம் பயிற்றுநரும் சென்றனர். மழைவெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 2 அன்று பிரித்தானிய முக்குளிப்போர் இருவர் அவர்களை உயிருடன் கண்டனர். கண்டதனால் மீட்டதாகிவிடாது. கலங்கிய நீர், குறுகிய பிளவுகள், நீரில் மூழ்கிச் செல்லப் பழகாத பிள்ளைகள். ஜூலை 6 அன்று, வழியிற் காற்றுக் கலன்களை வைத்துத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குணான் மூச்சிழந்து மாண்டார். பிள்ளைகளுள் ஒருவரும் வெளிவராத நிலையில் மீட்பவர் ஒருவர் இறந்தார். அன்றே பணியை நிறுத்தியிருந்தால் எண்ணிக்கைவாதி மெச்சியிருப்பார்.

நிறுத்தவில்லை. சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, முகமூடி பொருத்தி, அசைவற்ற உடல்களாகவே நீருக்கடியில் அவர்களைக் கொணர்ந்தனர். ஜூலை 10க்குள் பதின்மூவரும் வெளிவந்தனர். கடைசி நபர் வெளிவந்த சில மணி நேரத்தில் நீரிறைக்கும் பொறி பழுதுற, உள்ளே எஞ்சியிருந்த பணியாளர் விரைந்தோடித் தப்பினர். அம்மீட்பில் நோய்த்தொற்றுக்கு ஆளான மற்றொரு கடற்படை வீரர் 2019 டிசம்பரில் உயிர் நீத்தார். பதின்மூவர்க்காக இருவர். இக்கணக்கை நான் மறைக்கவில்லை. ஆயினும் உள்ளே இருந்தோர்க்கு மரணம் ஏறத்தாழ உறுதி. உள்ளே சென்றோர்க்கு அது நேரக்கூடியது. அதனை அறிந்தே சென்றனர். உறுதியான இழப்பையும் நேரக்கூடிய இழப்பையும் ஒரே எடைக்கல்லால் நிறுப்பது எண்ணிக்கை வாதத்தின் குறை. சுரங்கத்துள் இறங்குபவனும் ஆழ்கடலில் வலை வீசுபவனும், தாம் சிக்கினால் பிறர் வருவர் என்னும் நம்பிக்கையிலேயே தொழிலுக்குச் செல்கின்றனர். ஒருமுறை வாராதொழிந்தால் கெடுவது அச்சிலருடைய உயிர் மட்டுமன்று.

அப்படியாயின் எந்நிலையிலும் செல்ல வேண்டுமா? வேண்டா. இவ்விடத்தில் நான் கைதட்டல் பெற்ற கட்சியைவிட்டு விலகுகிறேன். 2010 நவம்பர் 19 அன்று நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 29 பேர் உள்ளே அகப்பட்டனர். மீட்புக் குழுவினர் வாயிலில் ஆயத்தமாக நின்றனர்; எரிவளி மிகுந்திருப்பதாகக் கூறி அதிகாரிகள் தடுத்தனர். உறவினர் கொதித்தனர். நவம்பர் 24 அன்று இரண்டாம் முறை வெடித்தது. சென்றிருந்தால் சென்றோரும் மடிந்திருப்பர். முதல் வெடிப்பிலோ அதனை அடுத்தோ உள்ளிருந்தோர் இறந்திருக்கக்கூடும் என்றே பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் கருதியது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிராண்டல் கேனியன் சுரங்கம் சரிந்து அறுவர் புதையுண்டபோது, அவர்களைத் தேடிச் சென்றோருள் மூவர் பத்தாம் நாள் மற்றொரு சரிவில் மாண்டனர். அந்த அறுவரின் உடல்களும் கிட்டவில்லை. போகாதே என்று தடுப்பவனை அருளற்றவன் என்று ஏசுவது எளிது. அவ்வாணையை இட்டுவிட்டு அழும் தாய்மாரின் முகத்தை நோக்கி நிற்பது எளிதன்று.

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் ஓருயிரைக் காப்பதை மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு நிகராக வைப்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். தம் கைகளாலேயே தம்மை அழிவில் ஆழ்த்திக்கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை அல்பகராவில் இருப்பதை அத்துணை அடிக்கடி கேட்பதில்லை. அது வேறொரு சூழலில் அருளப்பட்டதென்பதை ஆலிம்கள் நன்கறிவர். எனினும் இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வதே நேர்மையென எனக்குத் தோன்றுகிறது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. தாமே முன்வந்தோர் என்கிறோமே, அவர்கள் யாவர்? 2023 நவம்பர் 12 அன்று உத்தரகண்டின் சில்க்யாராச் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் அடைபட்டனர். அயல்நாட்டுத் துளைபொறி உடைந்து நின்றபோது, எலிவளை முறையிற் கையால் அகழும் பன்னிருவர் அழைக்கப்பட்டனர். மேகாலயத்தில் அம்முறைச் சுரங்கத் தொழிலைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடைசெய்திருந்தது. ஆள் தவழத்தக்க குழாய்க்குள் புகுந்து, இந்துவும் முஸ்லிமுமாக அவ்வேழைகள் அகழ்ந்த வழியிலேயே நவம்பர் 28 அன்று 41 பேரும் வெளிவந்தனர். நாடு அவர்களை வீரர் என்றது. மூன்று திங்கள் கழிந்து, 2024 பிப்ரவரி இறுதியில், அவ்வீரருள் ஒருவருடைய தில்லி வீடு ஆக்கிரமிப்பு என்று கூறி இடிக்கப்பட்டது. அவர்தம் துணிவில் எனக்கு ஐயமில்லை. பணயம் வைக்க அழைக்கும்போது மட்டும் நம் நினைவுக்கு வரும் மனிதர் சிலர் இந்நாட்டில் உளர் என்பதில்தான் வருத்தம்.

அவர்களுள்ளும் கடையராக வைக்கப்பட்டோர் நம் தெருவிலேயே உளர். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்குகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் குதிக்கிறார். இருவரையும் தேடி மூன்றாமவர். நச்சுவளி மூவரையும் கொள்கிறது. செய்தித்தாளில் ஆண்டுதோறும் நாம் காணும் செய்தி இது. ஒருவரைக் காக்கப் பலர் என்னும் நம் வினா தமிழ்நாட்டில் மிகுதியும் எழுவது குகையிலன்று, இத்தொட்டியில்தான். இங்கே இரண்டாமவரின் அன்பைப் போற்றி இரங்கற்பா எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் குதித்திருக்கக் கூடாது. குதிக்காமல் கயிறும் காற்றுக் கருவியும் கொண்டு தூக்கும் ஏற்பாடு மேலே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முன், முதலாமவரை அங்கு இறக்கியிருக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவியின்றி இறக்குதல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இவ்வாறு இறப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தொகைக்கு எத்தனை காற்றுக் கருவிகள் வாங்கலாம் என்று நம் பொருளியல் துறை மாணவர் கணக்கிட்டு, அவரவர் ஊர் நகராட்சிக்கு எழுதிக் கேட்கலாம்.