நம் பிள்ளைக்கு எந்த மருந்து?

"ஓரிடத்தில் உட்காரமாட்டான், சொன்னது காதில் ஏறாது, தறுதலை!" ராஜபாளையம் மில் தொழிலாளியின் மகனுக்கும், கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் தாயின் மகனுக்கும் இப்படித்தான் பட்டம் கிடைக்கிறது. கூடவே பிரம்படி. கடைசியில் படிப்பு நிற்கிறது. நின்ற பிள்ளை எங்கே போவான்? வெடிமருந்து வேலையில் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாதென்று 2016 சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் படிப்பை விட்ட பிள்ளைக்குச் சிவகாசி வட்டாரத்தில் வேறு வாசல் எத்தனை திறந்திருக்கிறது? கவனம் நிற்காத பிள்ளை, ஒரு கணம் கவனம் தவறினால் உயிர் போகும் மருந்து அறைக்கா போவது?

இது திமிர் அல்ல, தோழர்களே! மூளை இயங்கும் விதத்தில் உள்ள கோளாறு. உலகில் நூறு குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இது உண்டு. முதலாளி வீடா, தொழிலாளி வீடா என்று நோய் பார்ப்பதில்லை. வைத்தியம்தான் வீடு பார்த்து வருகிறது!

1937ல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் பிராட்லி, நடத்தைக் கோளாறுள்ள 30 குழந்தைகளுக்குச் சுறுசுறுப்பூட்டும் மருந்தைக் கொடுத்தார். துள்ளுகிறவன் இன்னும் துள்ளுவான் என்றுதானே நினைப்போம்? மாறாக, 14 பேரின் படிப்பு வியக்கும்படி முன்னேறியது.

காரணம் என்ன? மூளையின் நரம்பணுக்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன. சுரந்த அணுவே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட் மாத்திரை அந்த இழுப்பைத் தடுக்கிறது; செய்தி வலுப்பெறுகிறது. "பொறு, யோசி, முடி" என்று கட்டளையிடும் முன்மூளை கூடுதலாக வேலை செய்கிறது. இளம் பிள்ளைகளின் மூளையைக் காந்தக் கருவியில் படமெடுத்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன.

"மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மயக்குகிறார்கள்" என்பவர்களுக்கு நமது பதில் இதுதான்: மயக்க அல்ல, விழிக்க வைக்கவே இந்த மருந்து. பசியும் தூக்கமும் குறையலாம். ஆகவே டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. மாத்திரை மட்டும் போதாது. பிள்ளையைப் புரிந்து நடத்தும் ஆசிரியரும் வேண்டும்.

மத்திய அரசு 2013ல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் கோளாறும் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? விருதுநகரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கும் சிவகாசி அரசு மருத்துவமனையிலும் குழந்தை மனநல டாக்டர் வேண்டும். மருந்து இலவசமாக வேண்டும். பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்காமல் பார்க்கும்படி மாலை நேரச் சிகிச்சை வேண்டும்.

இந்த வட்டாரத்தில் 'மருந்து' என்றால் வெடிமருந்து. நாம் கேட்பது வேறு மருந்து. பிரம்பைக் கீழே போடு! பிள்ளையை டாக்டரிடம் அனுப்பு!