தீவைச் சுற்ற எத்தனை நாள்?

என் தம்பி டென்மார்க்கில் வேலையாக இருக்கிறான் என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். வரும் ஜூலையில் நானும் என் வீட்டுக்காரரும் அவனிடம் போகிறோம். அங்கிருந்து எல்லோருமாக விமானத்தில் ஐஸ்லாந்து. அங்கே ஒரு வாடகைக் கார் எடுத்துத் தீவை ஒரு சுற்று சுற்றிவருவதாகத் திட்டம்.

"அஞ்சு நாள் போதும்க்கா. மொத்த ரோடே ஆயிரத்து முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான்" என்கிறான் தம்பி. காரில் யார் யார் தெரியுமா? வீசிங் உள்ள என் வீட்டுக்காரர், ஒன்றரை வயதுக் குழந்தை, அதற்குப் பால் கொடுக்கிற தாய், நான், பிறகு ஓட்டுகிறவன். போன ஒரு மாதமாகத் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவன் கணக்கு எனக்குச் சம்மதமில்லை.

தீவைச் சுற்றும் அந்த ஒன்றாம் நம்பர் சாலை 1974-ல்தான் முழு வட்டமாகப் பூர்த்தியானது. நீளம் சுமார் 1,322 கிலோமீட்டர். ஏறக்குறைய நம் சென்னை–மும்பை தூரம். ஆனால் தார் ரோட்டிலேயே 90-க்கு மேல் போகக்கூடாது, சரளைக் கல் ரோட்டில் 80, ஊருக்குள் 50. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் வழியில் நிறைய. கோடையில் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். தாய் ரோட்டுக்கு இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம் நின்றால் கட்டாயம் வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். குட்டி தாயிடம் ஓடிவரத்தானே பார்க்கும்!

போதாக்குறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது என்ற பேச்சே அங்கு கிடையாது. அதற்கென்று உள்ள இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்த்த வேண்டும், சட்டம். அப்படிக் கட்டிப்போட்ட பிள்ளையை இரண்டு மணிக்கு ஒருதரமாவது இறக்கி, முதுகை நிமிர்த்தி, துணி மாற்றி, வயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் தம்பியின் கணக்கில் எங்கே இருக்கிறது? ரெய்க்யவிக்கிலிருந்து விக் என்ற ஊருக்கு 190 கிலோமீட்டர் இருக்கும். அவனுக்கு அது இரண்டரை மணி நேரம், எனக்கு அது ஒரு முழு நாள். வழியில் இரண்டு பெரிய அருவிகள் வேறு இருக்கின்றனவே!

ஆகவே பத்து நாள் என்று எழுதிவிட்டேன். அதில் ஒரு நாளுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை. "இது எதுக்கு?" என்றான். காற்றுக்கு என்றேன். அந்த ஊர்க் காற்று கார்க் கதவையே பின்பக்கமாக மடக்கிவிடும். தெற்கில் எரிமலைச் சாம்பலும் மணலும் கலந்து அடித்தால் வண்டியின் பெயின்டே உரிந்துபோகும். வாடகைக்காரரின் சாதாரண இன்ஷூரன்ஸில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேராது. காற்றுக்கு முகம் கொடுத்து வண்டியை நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறப்பதுதான் வழி. காற்று மிஞ்சினால் அன்றைக்குப் பயணமே வேண்டாம். அதற்குத்தான் அந்த நாள்.

எரிமலையும் வேலையாகத்தான் இருக்கிறது. விமான நிலையம் உள்ள பக்கத்திலேயே கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரை 2023 நவம்பர் 10-ந் தேதி ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்கள். அந்த டிசம்பரிலிருந்து 2025 ஜூலை வரை அந்த வட்டாரத்தில் ஒன்பது தடவை பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வந்திருக்கிறது. பயந்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புகையில் உள்ள கந்தக வாயு வீசிங்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்டு, இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவசரத்துக்கு நம்பர் 112.

எங்களுக்குள் பெரிய சண்டையே அஸ்க்யாவைப் பற்றித்தான். நடு மேட்டுநிலத்தில் உள்ள எரிமலை அது. 1965-லும் 1967-லும் நிலாவுக்குப் போகிற அமெரிக்கர்களைக் கொண்டுவந்து பழக்கிய பிரதேசம். புல் பூண்டு இல்லாத கறுப்புக் கல். தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே அந்த ஆசை. ஆனால் போகும் வழியில் பாலமில்லாத ஆறுகளைக் காரோடு இறங்கிக் கடக்க வேண்டும். பனிமலை உருகி வரும் தண்ணீர். காலையில் முழங்கால் அளவு இருந்தது சாயங்காலம் ஏறிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அந்தச் சாலைகளில் நுழையவே கூடாது. ஆற்றில் வண்டி நின்றுபோனால் இன்ஷூரன்ஸ் காலணா தராது. "குழந்தையை வைச்சுக்கிட்டா ஆத்துல இறங்கப் போறே?" என்று கேட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் அவன் போனே செய்யவில்லை.

தீர்த்துவைத்தவள் அவன் மனைவிதான். மீவாட்ன் ஏரிக்கரையிலிருந்து உயரமான சக்கரம் வைத்த பெரிய வண்டிகளில் ஒரு நாள் சுற்றுலாவாகவே அஸ்க்யாவுக்கு அழைத்துப்போகிறார்களாம். தம்பி மட்டும் அதில் போய் வரட்டும், நாம் இரண்டு ராத்திரி அங்கேயே தங்கலாம் அக்கா என்றாள். எனக்கும் அது ரொம்ப சௌகரியம். அந்தப் பக்கத்தில் கோதுமை மாதிரி ஒரு தானியம், ரை என்பார்கள், அதன் மாவைப் பிசைந்து டப்பாவில் அடைத்துச் சூடான மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். சுமார் ஒரு நாள் கழித்துத் தோண்டினால் ரொட்டி! காஸ் செலவில்லை. இட்லிக்கு ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்திலேயே சேறு கொதிக்கிற குழிகள் இருக்கின்றன. அங்கே மேல்மண் மெல்லிசு, கயிற்றுக்கு அப்பால் காலே வைக்கக்கூடாது. குழந்தையை நடக்கவிடாமல் மார்போடு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். விக் அருகே உள்ள கறுப்பு மணல் கடற்கரையிலும் அப்படித்தான். கடல் சாதுவாகத் தெரியும். திடீரென்று ஓர் அலை மேலே வரை ஏறி இழுத்துப் போய்விடும். 2025 ஆகஸ்டில்கூட ஒரு சிறுமியைப் பறிகொடுத்தார்கள். நாங்கள் தூரத்திலிருந்தே பார்க்கப் போகிறோம், கடலுக்கு முதுகைக் காட்டாமல்.

மற்றச் சாமான்கள்: ஜூலையிலும் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உள்ளே கம்பளி, மேலே மழைக்கோட்டு. ராத்திரி இருட்டவே இருட்டாது என்பதால் ஜன்னலுக்கு இரண்டு கறுப்புப் போர்வையும் துணி கிளிப்பும்; இல்லாவிட்டால் பிள்ளை தூங்குமா? குழாயில் குளிர்ந்த தண்ணீர் அமிர்தம், விலைக்கு வாங்க வேண்டாம். வெந்நீர் பூமிக்குள்ளிருந்து வருவதால் பல இடங்களில் முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளியும் கறுத்துவிடும். குழந்தையின் கொலுசைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். என் மெட்டியைக் கழற்ற மனசில்லை. திரும்பி வந்து விபூதி போட்டுத் தேய்த்தால் போகாதா என்ன!

ஊருக்கு ஊர் வெந்நீர்க் குளம் உண்டு. குழந்தைக்கு இதமாக இருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இறங்குமுன் பெண்கள் அறையில் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லையாம். நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

மீவாட்ன் என்றால் கொசுவீ ஏரி என்று அர்த்தம். கோடையில் மூக்கு, காது, வாய் எல்லாம் புகுந்துவிடுமாம். குழந்தைக்குத் தொப்பியோடு சேர்த்து ஒரு வலை தைக்க வேண்டும். தலை அளவு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.