'ஆபீஸ் வேண்டாம்' என்பது ஒரு திட்டமா?

வெளியூர் நண்பர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் யாராவது "ஆபீஸுக்குப் போறேன்" என்று சொன்னால் மேஜை, நாற்காலி, ஏ.சி. என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ்.. எங்கள் பக்கம் தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான். பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவரும் ஆபீஸுக்குத்தான் போகிறார். காலையில் கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போவது ஆபீஸ் வண்டி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வகுப்பில் பலருடைய வாழ்க்கைத் திட்டம் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் அவர்கள் எழுதியதில்லை, அம்மாக்கள் எழுதியது. "நீயாவது ஆபீஸுக்குப் போகாம இருய்யா."

அந்த வாக்கியத்தை நான் கேலி செய்ய வரவில்லை. 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கம் ஒரு ஆலையில் 10 பேர் இறந்தார்கள். அதே வருடம் மே மாதம் செங்கமலப்பட்டியில் இன்னொன்று. 2025 ஜூலை 1-ம் தேதி சின்னக்காமன்பட்டி. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை எங்கள் ஊரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. விபத்து இல்லாத வருடத்திலும் நிம்மதி கிடையாது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்று தீர்ப்பு சொன்னதும் நவம்பரிலிருந்து சில மாதங்களுக்கு ஆலைகள் மூடியே கிடந்தன. வாரச் சம்பளத்தில் ஓடுகிற வீடுகள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தன என்று இன்றைக்கும் கதைகதையாகச் சொல்வார்கள். ஆக அம்மாவின் பயம் நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் மக்களே, எந்த பஸ்ஸில் ஏறக்கூடாது என்பது மட்டும் தெரிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் எங்கே போய்ச் சேருவான்? மூன்று வருடம் டிகிரி படித்துவிட்டு, ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, "சும்மா இருக்கிறதுக்கு" என்று அதே ஆபீஸில் கணக்கு எழுதவும் கிட்டங்கியில் சரக்கு சரிபார்க்கவும் போய்ச் சேர்ந்த அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அதற்கு டிகிரியும், மூன்று வருட பஸ் பாஸும், அம்மா வாங்கிய முன்பணமும் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. திட்டம் போடத் தெரியாத ஊரா எங்கள் ஊர்? பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் எத்தனை முறை முதலிடம் என்று எண்ணிப் பாருங்கள். 2017, 2018, அப்புறம் 2023-ல் 97.85 சதவீதத்துடன் மறுபடியும். இது தானாக நடந்ததா? காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே யார் எந்தப் பாடத்தில் தேறமாட்டான் என்று பட்டியல் எடுப்பார்கள். சாயங்காலம் தனி வகுப்பு, சுண்டல், வாராவாரம் டெஸ்ட். பள்ளிக்கு வராதவன் வீட்டுக்கு வாத்தியாரே வந்து நிற்பார். ஒரு மாவட்டமே சேர்ந்து திட்டம் போட்டு ஒரு பையனைப் பாஸ் பண்ண வைக்கும்.

அதே மாவட்டம்தான் 2018-ல் மத்திய அரசு அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டே மாவட்டங்கள், ராமநாதபுரமும் நாமும். பாஸ் பண்ணுவதில் முதலிடம், முன்னேறுவதில் இன்னும் விழைந்துகொண்டிருக்கிறோம்! அந்தப் பட்டியலுக்குப் பல காரணங்கள் இருக்கும். தண்ணீர், விவசாயம், மருத்துவம் எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் எனக்குக் கண்ணில் படுகிற ஒரு காரணத்தைச் சொல்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் அந்த மொத்தத் திட்டமும் கடையை மூடிவிடுகிறது.

கல்லூரிக்குள் வந்த முதல் நாள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். "ஏண்டா கெமிஸ்ட்ரி எடுத்த?" "மார்க்குக்கு இதுதான் கிடைச்சது." "நீ ஏன் பி.காம்?" "பக்கத்து வீட்டு அக்கா பி.காம்." சரி, பதினேழு வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பிரச்சினை அதற்குப் பிறகு. முதல் வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருடமும் கேட்கவில்லை. கேட்டால் சீனியர்கள் சொன்ன ஒரே மந்திரம்: "தேர்ட் இயர்ல பாத்துக்கிடலாம் மாப்ள."

தேர்ட் இயர் வந்தது. வேலைவாய்ப்பு மையம் என்று ஒரு அறை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் ஆளுமைத் திறன் பயிற்சி. கை எப்படிக் குலுக்குவது, டை எப்படிக் கட்டுவது (வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் வாடகை டை), ஆங்கிலத்தில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் என்ன சொல்வது. ஒரு பையன் தயார் செய்த பயோடேட்டாவை அறுபது பேர் பெயர் மாற்றிக் கொடுத்தோம். அறுபது பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது! பிறகு ஒரு கம்பெனி வந்து ஒரே நாளில் கொத்தாக ஆள் எடுத்தது. வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், சென்னையில் அறை வாடகை கொடுத்தது போக என்ன மிஞ்சியது, ஆறு மாதத்தில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? அதற்குப் பிளெக்ஸ் வைக்க மாட்டார்கள்.

(எங்கள் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. உங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள், பொருந்தும்.)

அரசு எதுவும் செய்யவில்லையா என்றால், செய்தது. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' தொடங்கினார்கள். கடைசி வருடம் வரை காத்திருக்காமல் பாடத்திட்டத்துக்குள்ளேயே திறன் படிப்புகளைக் கொண்டுவந்தது அதன் நல்ல அம்சம். நாம் அதை என்ன செய்தோம்? ஒருத்தன் விடையைக் கண்டுபிடித்து வாட்ஸப்பில் போட, மற்றவர்கள் சொடுக்கிச் சொடுக்கிச் சான்றிதழ் வாங்கினோம். இதில் கல்லூரியை மட்டும் திட்டினால் என் நாக்கு அழுகிவிடும்.

இப்போது கெமிஸ்ட்ரிக்கு வருகிறேன், இதுதான் எனக்கு ரொம்பவும் எரிச்சலைக் கிளப்புகிற விஷயம். உலகத்திலேயே வேதியியலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற ஊர்கள் எத்தனை இருக்கும்? பேரியம் நைட்ரேட்டுக்கு எங்கள் பக்கம் பச்சை உப்பு என்று பெயர், எரிந்தால் பச்சை நிறம் தருவதால். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் எங்கள் பாட்டிமார்களுக்கே பழக்கமான சொற்கள். சிவகாசியில் கலை அறிவியல் கல்லூரி வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் 2018 தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு என்று ஒன்று தேவைப்பட்டபோது அந்தக் கலவையை எங்கே கண்டுபிடித்தார்கள்? நாக்பூரில் இருக்கும் நீரி ஆய்வகத்தின் தலைமையில். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அதில் சேர்ந்துகொண்டது. காரைக்குடி நமக்கு எவ்வளவு தூரம்? அந்த ஆய்வகத்துக்குள் எப்படி நுழைவது என்று எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பி.எஸ்ஸி. முடிக்கிறவர்கள் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்று ஒரு நுழைவுத்தேர்வு இருக்கிறது. பிப்ரவரியில் நடக்கும், அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வருட மாணவர்களே எழுதலாம். அதாவது ஐந்தாம் செமஸ்டர் பாதியில் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், இரண்டாம் வருடமே படிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். தேர்ட் இயரில் 'பாத்துக்கிடலாம்' என்றவனுக்கு இந்தக் கதவு இருந்ததே தெரியாமல் சாத்திவிடும். பி.காம். நண்பர்களுக்கும் இதே கதைதான். சி.ஏ. பவுண்டேஷனை பிளஸ் டூ முடித்ததுமே எழுதலாம். டிகிரி வாங்கிய பிறகுதான் சி.ஏ. பற்றி யோசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருடத்தைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

"எதுக்குப்பா இவ்வளவு? குரூப் போர் எழுதிக்கிடலாம்" என்பது அடுத்த மந்திரம். எழுதலாம். ஆனால் 2024 ஜூன் குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244 (பிறகு கூட்டினார்கள்), விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். அதற்குத் தகுதி பத்தாம் வகுப்பு. பதினெட்டு வயதிலேயே எழுத ஆரம்பித்திருக்க வேண்டிய தேர்வை இருபத்தொன்றில் முதன்முறையாக, அதுவும் "சும்மா ஒரு அட்டெம்ப்ட்" என்று எழுதுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று கொடுத்தார்களே, அதில் பத்தில் ஒரு பங்கு.

இப்படிப் பேசினால் உடனே ஒரு எதிர்ப்பு வரும். கல்லூரி என்ன வேலைக்கு ஆள் பிடிக்கும் இடமா, படிப்பு அறிவுக்காக இல்லையா, முதல் வருடத்திலேயே வேலை வேலை என்று பிள்ளைகளை விரட்டலாமா என்பார்கள். ஒரு பேராசிரியரே என்னிடம் இதைச் சொன்னார், நல்ல மனிதர். அவருக்கு என் பதில்: ஐயா, வகுப்பில் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஆலை முதலாளி வீட்டுப் பையனுக்கு முதல் வருடத்திலேயே திட்டம் இருக்கிறது. அவன் உட்கார்ந்து யோசித்ததில்லை, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பேசுகிற பேச்சே அவனுக்குத் திட்டம். எந்த மாதம் வடக்கே ஆர்டர் எடுக்கப் போக வேண்டும், வங்கியில் யாரைப் பார்க்க வேண்டும், லைசென்ஸ் புதுப்பிக்க என்ன வேண்டும் என்று கேட்டுக்கேட்டே வளர்கிறான். அவன் நிம்மதியாக அறிவுக்காகப் படிக்கலாம். சரம் பின்னுகிறவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு இருக்கும்? அந்தப் பேச்சைக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் 'அறிவு' என்று சொல்வது, பந்தியில் பாதிப்பேருக்கு இலை போடாமல் சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேசுவது மாதிரி.

இன்னொரு எதிர்ப்பு, திட்டம் போட்டால் மட்டும் அப்படியே நடந்துவிடுமா? நடக்காது. 1922-ல் இந்தச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். மழை இல்லாத கரிசல் காட்டு ஊர், விவசாயத்தை நம்ப முடியாது, ஒரு தொழில் கற்க வேண்டும் என்று போனவர்கள். சுமார் எட்டு மாதம் இருந்து தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி ஆரம்பித்தார்கள். அப்புறம் மத்தாப்பு, பட்டாசு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் அச்சு. இன்று நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் வரை வந்து நிற்கிறது அந்தப் பயணம். பட்டாசும் காலண்டரும் அவர்களுடைய முதல் திட்டத்தில் இருந்திருக்காது. ஆனால் தீப்பெட்டி என்று ஒன்றைக் குறி வைத்து ரயில் ஏறாமல் இருந்திருந்தால் மற்ற எதுவும் வந்திருக்காது. இந்தக் கதையை எங்கள் ஊரில் எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு "தேர்ட் இயர்ல பாத்துக்கிடலாம்" என்பார்கள். :)

இப்போது நடக்கிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023-ல் அறிவித்தார்கள். இந்த வருடம் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் வெளியே வரும் நேரத்துக்கு அங்கே என்னென்ன வேலை இருக்கும்? சாயப் பிரிவில் கெமிஸ்ட்ரிக்காரருக்கு இடம் உண்டா, ஏற்றுமதி ஆவணங்களுக்கு பி.காம். போதுமா, கூடுதலாக என்ன படிக்க வேண்டும்? மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டுவர ஒரு துறைக்கு ஒரு நாள் ஆகுமா? எந்தக் கல்லூரியிலாவது ஒரே ஒரு துறை இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள், போய்ச் சால்வை போர்த்துகிறேன். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மேலே உள்ள வேலைக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக இன்னொரு ஆபீஸ் வண்டி வரும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை. நாக் குழு ஆய்வுக்கு வரும்போது படித்து முடித்த மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கல்லூரிகள் கணக்குக் காட்ட வேண்டும். யார் மேல்படிப்புக்குப் போனார், யார் எங்கே வேலையில் சேர்ந்தார் என்று துறைவாரியாக இரவு பகலாக உட்கார்ந்து தயாரிக்கிற கோப்பு அது. குழு போனதும் பீரோவுக்குள் போய்விடும். அந்தக் கோப்பை மாணவர்களுக்குக் காட்டுங்கள். பெயர்கள்கூட வேண்டாம். எத்தனை பேர் ஜாம் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி, எத்தனை பேர் பிளெக்ஸில் இருந்த வேலையில் ஒரு வருடம் நீடித்தார்கள், எத்தனை பேர் திரும்ப ஆபீஸுக்குப் போனார்கள் என்ற எண்கள் மட்டும் போதும். முதல் செமஸ்டர் முதல் வாரத்தில், சீருடை விதிகளை வாசிக்கிற அதே கூட்டத்தில் அதையும் வாசியுங்கள்.

வரும் திங்கட்கிழமை எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் துறைத் தலைவரிடம் இதைக் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். முதலாம் ஆண்டில் இருந்து யாராவது கூட வந்தால் நல்லது. எங்களுக்கு இனி ஒரு செமஸ்டர்தான் மிச்சம், உங்களுக்கு ஐந்து இருக்கிறது.